சிரிக்க வைத்த தந்தை – டி. எஸ். பாலையா

நெல்லைச் சீமையின் சுண்டங்கோட்டையில் 1914-ஆம் ஆண்டு பிறந்தவர் டி. எஸ். பாலையா. இளமையிலேயே நாடகக் குழுவில் சேர்ந்து நடிப்புக் கற்றார். முதற்படமான 'சதி லீலாவதி'யில் (1936) நண்பனைக் குடியில் தள்ளும் வஞ்சகனாக வந்தார். அதன்பின் நெடுங்காலம் வில்லன் வேடங்களே அவரைத் தேடி வந்தன.

ஐம்பது வயதை நெருங்கும்போது, ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் ஒரு விசித்திரக் குடும்பத்தின் தலைவரானார். சினிமாப் பித்துப் பிடித்த மகனாக வரும் நாகேஷ் திகில் கதை சொல்ல, தந்தை நடுநடுங்குவார். கதை சொன்னவருக்கு ஈடாகக் கேட்டவரும் நம்மைச் சிரிக்க வைத்தார். ஆனால் அந்தத் தந்தை, பணக்காரச் சம்பந்தம் என்று மயங்கி ஏமாந்து போகிறார்.

மூன்றாண்டு கழித்து வந்தது கே. பாலசந்தரின் 'பாமா விஜயம்'. அண்டை வீட்டுக்கு ஒரு நடிகை குடிவந்ததும், மூன்று மகன்களின் குடும்பங்களும் கடன்பட்டு ஆடம்பரம் செய்கின்றன. அவர்களுக்குப் புத்தி புகட்டும் தந்தையும் இதே பாலையாதான்!

அவர் 1972-இல் மறைந்தார். தோழியரே, அடுத்த வீட்டைப் பார்த்துக் கடன் வாங்கும் ஆசை நம் நயினார்கோவில் பக்கமும் உண்டு அல்லவா? அந்த இரு தந்தையரையும் எண்ணிச் சிரிப்போம். சிரித்தபின் நம் வீட்டுக் கணக்கையும் சற்றுப் பார்ப்போம்.