கொயினா மரம் வளர்த்த தோட்டக்காரர்

மலேரியாக் காய்ச்சல்! ஒரு காலத்தில் ஊர் ஊராக உயிரைக் குடித்த நோய் அது. அதற்கு மருந்து கொயினா. அது சிங்கோனா மரப்பட்டையில் இருந்தது. மரமோ தென் அமெரிக்காவில் இருந்தது!

அந்த மரத்தை நீலகிரியில் வளர்த்துக் காட்டியவர் வில்லியம் மெக்ஐவர். லண்டன் கியூ தோட்டத்தில் தொழில் பழகியவர். 1848-ல் உதகமண்டலம் வந்து, தாவரவியல் பூங்காவை உருவாக்கினார்.

வெப்பம் கொன்றது

1860-ல் மார்க்கம் என்பவர் பெரு நாட்டில் சிங்கோனாக் கன்றுகளைச் சேகரித்தார். கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் அனுப்பினார். செங்கடல் வெப்பத்தில் கன்றுகள் வதங்கின. உதகை வந்தவையும் பிழைக்கவில்லை.

மறு முயற்சி

1861-ல் வேறு விதைகள் வந்தன. மெக்ஐவர் அவற்றைக் கண்ணாடி வீட்டில் விதைத்தார். ஈரம் மிஞ்சினால் விதை அழுகும். குறைந்தால் முளை காயும். வெப்பம் ஏறினால் தளிர் கருகும். நிழல், காற்று, நீர் எல்லாம் அளவோடு தந்தார். பதியம் போட்டுக் கன்றுகளைப் பெருக்கினார். தேறிய கன்றுகளை மெல்ல மெல்ல வெளிக்காற்றுக்குப் பழக்கினார்.

தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் லட்சக்கணக்கான மரங்கள் எழுந்தன. பட்டையை உரித்த இடத்தைப் பாசியால் மூடி, புதுப்பட்டை வளரவும் செய்தார். 1876-ல் காலமானார்.

இன்று அம்பத்தூரிலும் ஆவடியிலும் மாடியில் நிழல்வலைக் குடில் போட்டுச் செடி வளர்க்கிறார்கள். புழுக்கத்தில் செடி வாடினால் குடம் குடமாக நீர் ஊற்றுவோர் உண்டு. வேர் அழுகிவிடும்! முதலில் காற்றுக்கு வழி விடவேண்டும். மண் காய்ந்திருந்தால் மட்டும் நீர் விடவேண்டும். அளவு அறிந்தவர் கையில் செடி பிழைக்கும்.