25 ரூபாய் உதவித்தொகையும் 3 லட்சம் ரூபாய் ஒதுக்கீடும்

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் தாமல் காலனியில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். வருமானச் சான்று வந்துவிட்டதா, சாதிச் சான்றில் அப்பா பெயர் சரியாக இருக்கிறதா, வங்கிக் கணக்கில் ஆதாரைச் சேர்த்தாகிவிட்டதா. காஞ்சிபுரம் போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. இவ்வளவு அலைவதற்குப் பிள்ளையைக் கம்பெனி வேலைக்கே அனுப்பிவிடலாம் என்று சலித்துக்கொள்ளும் பெற்றோரையும் பார்க்கிறேன். அவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் இந்த வாரம் ஒரு வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். நாம் நிரப்பும் அந்த விண்ணப்பத்துக்கு வழி செய்தவரே ஒரு காலத்தில் உதவித்தொகையில் படித்த மாணவர்தான். நிபந்தனையால் படிப்பு பாதியில் நின்றவரும்தான். அவர் அண்ணல் அம்பேத்கர்.

1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவின் மாவ் படை முகாமில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராகவும் படைப் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். தாய் பீமாபாயைச் சிறுவயதிலேயே இழந்தார். சாத்தாராவில் பள்ளிக்குப் போனபோது அவருக்குத் தனி இடம். உட்காரக் கோணிப்பையை வீட்டிலிருந்தே எடுத்துப் போக வேண்டும். பள்ளியின் கடைநிலை ஊழியர் வந்து தண்ணீர் ஊற்றினால்தான் தாகம் தீரும். அவர் வராத நாளில் தாகத்தோடுதான் வீடு திரும்ப வேண்டும்.

பிறகு குடும்பம் பம்பாய்க்குப் போனது. 1907இல் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிக் தேறினார். அவர் பிறந்த மகர் சமூகத்தில் அது பெரிய செய்தி. பாராட்டுக் கூட்டம் நடந்தது. கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்ற ஆசிரியர், தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அந்தப் பையனுக்குப் பரிசளித்தார். கல்லூரியில் சேர்ந்து இன்டர்மீடியட் முடித்தபோது வீட்டில் பணம் தீர்ந்துவிட்டது. தந்தையின் ஓய்வூதியத்தில் அதற்கு மேல் படிக்க வைக்க வழியில்லை.

அப்போது உதவியவரும் கேளுஸ்கர்தான். பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் மாணவரை அழைத்துச் சென்று அறிமுகம் செய்தார். மன்னர் கேள்விகள் கேட்டார், பதில்களில் நிறைவடைந்தார், மாதம் 25 ரூபாய் உதவித்தொகை அளித்தார். அந்தப் பணத்தில் படித்து 1912இல் பி.ஏ. தேறினார்.

இந்த இடத்தில் மாணவர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். அன்றைக்கு விண்ணப்பப் படிவமும் கிடையாது, தகுதிப் பட்டியலும் கிடையாது. ஒரு பெரியவரின் அறிமுகமும் ஒரு மன்னரின் மனமும் இருந்ததால் ஒருவருக்குக் கிடைத்தது. கேளுஸ்கர் போல ஒருவரைத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர் படிப்பை விட்டிருப்பார்கள் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை.

1913 தொடக்கத்தில் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். சில நாட்களில் தந்தை நோயுற்ற செய்தி வந்து ஊர் திரும்பினார். பிப்ரவரி 2 அன்று தந்தை இறந்தார். அதே ஆண்டில் அமெரிக்காவில் படிக்கப் பரோடா அரசின் உதவித்தொகை கிடைத்தது. மாதம் 11.50 பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. நிபந்தனையும் இருந்தது. படித்து முடித்ததும் பத்து ஆண்டுகள் பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு ஜூலையில் நியூயார்க் போய்ச் சேர்ந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். அந்தத் தொகையிலேயே மிச்சம் பிடித்து ஊரில் இருந்த மனைவி ரமாபாய்க்கும் அனுப்பினார், பழைய புத்தகங்களும் வாங்கிச் சேர்த்தார். 1915இல் எம்.ஏ. முடித்தார். 1916இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும், சட்டம் படிக்க கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார்.

1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பு முடியவில்லை. பாதியில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். அது முதல் உலகப் போர்க் காலம். அவருடைய பெட்டிகளையும் புத்தகங்களையும் ஏற்றிவந்த இன்னொரு கப்பல் தாக்கப்பட்டுக் கடலில் மூழ்கியது.

நிபந்தனைப்படி பரோடா வேலைக்குப் போனார். ஊரில் அவருக்குத் தங்க இடம் தருவார் யாரும் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மாற்றிக்கொண்டு தங்கினார். பதினொன்றாம் நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. உண்மையைத் தெரிந்துகொண்டு மாலைக்குள் காலி செய்யச் சொன்னது. நண்பர்களின் வீடுகளிலும் இடம் கிடைக்கவில்லை. கொலம்பியாவில் படித்துவந்த அந்த அதிகாரி ஒரு பொதுத் தோட்டத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். ஒப்பந்தம் அவரிடம் கேட்டது பத்து ஆண்டுகள். ஊர் அவருக்கு விட்டுக்கொடுத்ததோ பதினொரு நாட்கள். ஆனாலும் ஒப்பந்தத்தை மீறியவர் என்று அவரிடமே பரோடா நிர்வாகம் பணத்தைத் திருப்பிக் கேட்டது. பல ஆண்டுக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகே அந்த விவகாரம் ஓய்ந்தது.

விட்ட படிப்பை அவர் விடவில்லை. 1918இல் பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியரானார். சம்பளத்தில் சேர்த்த பணம், கோலாப்பூர் மன்னர் சாகுவின் உதவி, ஒரு பார்சி நண்பரிடம் வாங்கிய கடன், இவற்றோடு 1920இல் மீண்டும் லண்டன் போனார். எம்.எஸ்சி., பாரிஸ்டர், டி.எஸ்சி. என்று மூன்றையும் 1923க்குள் முடித்துவிட்டார்.

இந்தியா திரும்பியவர் 1924இல் பகிஷ்கிருத் ஹிதகாரிணி சபாவைத் தொடங்கினார். அந்த அமைப்பு செய்த முதல் வேலைகளில் ஒன்று, 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி தொடங்கியது. தங்க இடம் இல்லாதவனுக்குப் படிப்பும் இல்லை என்பதைப் பரோடாவில் பட்டு அறிந்தவர் அவர்.

1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் நல உறுப்பினரானார். அந்த ஆண்டிலேயே பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து வைஸ்ராய் லின்லித்கோவிடம் மனு கொடுத்தார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் அரசு ஆண்டுதோறும் பணம் தருவதைச் சுட்டிக்காட்டி, எங்கள் பிள்ளைகளின் உயர்கல்விக்கு என்ன தருகிறீர்கள் என்று கணக்குக் கேட்டார். ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1944இல் மெட்ரிக் தாண்டிய பட்டியல் சாதி மாணவர்களுக்கான உதவித்தொகைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டுப் படிப்புக்கும் மாணவர்கள் அனுப்பப்பட்டார்கள். பின்னர் பழங்குடி மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

1943இல் மத்திய அரசு வேலைகளில் 8.33 சதவீத இட ஒதுக்கீடு வந்தபோதும் தகுதி விதிகளும் தளர்த்தப்பட்டன. வயது வரம்பு மூன்று ஆண்டு உயர்த்தப்பட்டது, தேர்வுக் கட்டணம் நாலில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. இடம் ஒதுக்கினால் போதாது, வாசலில் நிற்கும் விதியையும் மாற்ற வேண்டும் என்பது இதன் பொருள்.

அரசமைப்புச் சட்டத்தில் 46ஆம் பிரிவு, நலிந்த பிரிவினரின் கல்வி நலனை அரசின் கடமையாக்கியது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை நீதிமன்றத்தில் அடிபட்டபோது, 1951இல் முதல் திருத்தமாக 15(4) சேர்ந்தது. அப்போது சட்ட அமைச்சர் அவரே. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும் ஔரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரியையும் எழுப்பினார். 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தார்.

அவர் தொடங்கி வைத்ததுதான் இன்று நாம் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை என்று சொல்வது. பதினொன்றாம் வகுப்பு முதல் ஆராய்ச்சிப் படிப்பு வரை உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது. அங்கீகாரம் பெற்ற படிப்பாக இருக்க வேண்டும். ஒரு பட்டம் முடித்துவிட்டு அதே நிலையில் வேறு பாடத்தில் இன்னொரு பட்டம் சேர்ந்தால் கிடைக்காது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தாலும் கிடைக்காது. கல்லூரி முகவர் வீடு தேடி வந்து பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லும்போது, எந்த ஒதுக்கீட்டில் சேர்க்கிறார் என்று முதலில் கேளுங்கள். கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடருக்குத் தமிழக அரசு தன் நிதியில் தருகிறது. மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கில் பணம் வருகிறது. அது மாணவரின் ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் வரும். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகள் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயையும் சேர்த்தே பெறலாம்.

விதிகளைத் தெரிந்துகொள்வதோடு விதிகளைக் கேள்வி கேட்கவும் வேண்டும். ஒரகடம் கம்பெனியில் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு மாதம் 10,500 ரூபாய் வாங்கினால் ஆண்டுக்கு 2,52,000 ஆகிவிடும். 2,000 ரூபாய் கூடிப்போனதற்காக அந்த வீட்டுப் பிள்ளை வெளியே நிற்க வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு மேலாக இந்த வரம்பு அப்படியே இருக்கிறது. விலைவாசியும் கூலியும் அப்படியே இருக்கவில்லை. இதை உயர்த்தச் சொல்லிக் கிராம சபையில் தீர்மானம் போடலாம், மனு கொடுக்கலாம். 1942இல் அவர் செய்ததும் அதைத்தான்.

தாமல் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். சான்றிதழுக்காக அலையும்போது கூனிக் குறுகி நிற்காதீர்கள். கேளுஸ்கர் போல யாரும் கைபிடித்து அரண்மனைக்கு அழைத்துப் போகத் தேவையில்லாதபடி ஒருவர் செய்துவைத்திருக்கிறார். கடைசித் தேதிக்கு முன் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.