பத்துப்பேரில் தொடங்கிய பவுலீன் அம்மையார்

பிரான்ஸ் தேசத்தின் லியோன் நகரம் பட்டு நெசவுக்குப் பேர்போனது. அந்நகரின் பட்டு வர்த்தகர்களுள் ஒருவரான அந்துவான் ஜரிக்கோவின் கடைசிப் பிள்ளையாக 1799ஆம் ஆண்டு யூலை 22ஆம் திகதி பிறந்தவர் பவுலீன் மரி ஜரிக்கோ. வீட்டில் செல்வத்துக்குக் குறைவில்லை. உயர்ந்த பட்டும் ஆபரணமும் அணிந்து, நகரத்தார் கண்வைக்கும்படி வளர்ந்தவர் அவர். கணக்கும் கொடுக்கல் வாங்கலும் அவருக்குப் பள்ளிப்பாடமாக அல்ல, தந்தையாரின் வீட்டுப் பேச்சாகவே பழக்கமாயின.

1816ஆம் ஆண்டுத் தபசுகாலத்தில், வீண்பெருமையைக் குறித்து ஆலயத்தில் கேட்ட ஒரு பிரசங்கம் அவருடைய வாழ்வைத் திருப்பியது. பட்டாடைகளைக் களைந்தார், ஆலைப் பெண்கள் உடுக்கும் முரட்டுத் துணியை உடுத்தினார். அவ்வாண்டு நத்தார்க் காலத்தில், பூர்வியேர் குன்றின் மாதா சந்நிதியில், கன்னியாகவே வாழ்வதென வார்த்தைப்பாடு கொடுத்தார். ஆனால் கன்னியர் மடம் எதிலும் அவர் சேரவில்லை. கடைசிவரை பொதுநிலைப் பெண்ணாகவே இருந்தார். அதுமுதல் அவருடைய தோழிகள் பட்டாலைகளில் கூலிக்கு உழைத்த ஏழைப் பெண்களே.

அவருடைய அண்ணன் பிலேயாஸ் அப்போது பாரிஸ் நகரில் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தார். கீழ்த்திசை நாடுகளில் வேதபோதகர்கள் கையில் காசின்றித் தவிப்பதை அவர் தங்கைக்கு எழுதினார். பிரபுக்களிடம் போய்க் கையேந்துவதே அக்காலத்து வழக்கம். பவுலீன் வேறுவிதமாக யோசித்தார். பெருந்தொகையை ஒருவரிடம் கேட்பதிலும் சிறுகாசைப் பலரிடம் ஒழுங்காகக் கேட்பதே நிலைக்கும் என்று கண்டார். 1819ஆம் ஆண்டில் ஒரு மாலைப்பொழுது, வீட்டார் சீட்டாடிக்கொண்டிருக்கையில், அடுப்பருகே இருந்து ஒரு சீட்டின் பின்புறத்தில் தன் திட்டத்தை அவர் வரைந்தார் என்று சொல்லப்படுகிறது.

திட்டம் மிக எளியது. ஒருவர் பத்துப்பேரைச் சேர்க்கவேண்டும். அந்தப் பத்துப்பேரும் கிழமைக்கு ஒரு சூ காசு கொடுக்கவேண்டும். சூ என்பது ஐந்து சந்தீம் பெறுமதியான செம்புக்காசு. இருபது சூ சேர்ந்தால் ஒரு பிராங்கு. பத்துப்பேருக்குத் தலைவராயிருப்பவர் அதைச் சேர்த்து நூறு பேருக்குத் தலைவரிடம் ஒப்படைப்பார். அவர் ஆயிரம் பேருக்குத் தலைவரிடம் ஒப்படைப்பார். அங்கிருந்து பணம் நடுநிலையத்துக்குப் போகும். ஓர் ஆளின் காசு ஆண்டுக்கு இரண்டு பிராங்கு அறுபது சந்தீம்தான். ஆயிரம் பேர் சேர்ந்தால் அதுவே 2,600 பிராங்கு. கொடுத்தவர்களுக்குத் தங்கள் காசு எங்கே போயிற்று என்பதும் தெரிந்தது. தூரதேசங்களிலிருந்து வந்த கடிதங்கள் அவர்களிடையே கைமாறி வாசிக்கப்பட்டன.

இத்திட்டத்தின் உயிர்நாடி காசு அன்று, கணக்கு. எந்தத் தலைவரும் தம் பத்துப்பேரின் முகத்தை அறிவார். அவர்களும் தங்கள் தலைவரை அறிவார்கள். யார் கொடுத்தார், யார் தவறினார், எவ்வளவு மேலே போயிற்று என்பது எவருக்கும் மறைவாக இருக்கமுடியாது. சம்பளத்துக்கு ஆள் வைக்கவேண்டியதும் இல்லை. தறியடியில் வேலைசெய்யும் பெண்ணும் இதில் தலைவியாகலாம். பலர் அப்படி ஆகவும் செய்தார்கள். ஓர் இளம்பெண் பணத்தைத் திரட்டுவதா என்று முகஞ்சுளித்தவர்களும் இருந்தார்கள். ஆயினும் வேலை நின்றுவிடவில்லை.

1822ஆம் ஆண்டு மே 3ஆம் திகதி லியோன் நகரில் விசுவாசப் பரப்புதல் சங்கம் முறைப்படி ஆரம்பிக்கப்பட்டது. நகரத்துக் கனவான்கள் அதன் நிர்வாகத்தை ஏற்றார்கள். பவுலீனின் ஒழுங்கு அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டது. முதலாண்டில் சேர்ந்த தொகை 22,915 பிராங்கு. அது கீழ்த்திசை நாடுகளுக்கும் அமெரிக்காவின் லூசியானா, கென்டக்கிப் பகுதிகளுக்கும் பங்கிடப்பட்டது. சங்கத்துக்கு வித்திட்டவரோ தலைமைப்பீடத்தில் இல்லை. அதைக் குறித்து அவர் வழக்குப் பேசவும் இல்லை.

1826இல் அதே ஒழுங்கை அவர் செபத்துக்கும் கொண்டுவந்தார். அந்நாளில் செபமாலைத் தேவஇரகசியங்கள் பதினைந்து. பதினைந்து பேரைச் சேர்த்து ஆளுக்கொரு பத்துமணியை நாடோறும் சொல்லவைத்தார். முழுச் செபமாலை சொல்ல நேரமில்லாத தொழிலாளிக்கும் இது இயன்றது. வாழும் செபமாலை என்ற இவ்வியக்கம் பல இலட்சம் பேரிடம் பரவியது. அதன் வழியாக நல்ல நூல்களும் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

இத்தனைக்கும் நடுவே லியோன் நகர நெசவாளரின் நிலை அவர் மனதை அரித்துக்கொண்டேயிருந்தது. விடியமுன் தொடங்கி இரவுவரை தறியில் இருந்தும் அவர்களுக்குக் கூலி வயிற்றுக்குப் போதவில்லை. 1831இலும் 1834இலும் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள், இராணுவம் சுட்டது, வீதிகளில் இரத்தம் ஓடியது. பசித்தவனுக்குப் பிச்சையிடுவது போதாது, அவனுக்கு நியாயமான கூலியும் குடும்பத்தோடு வாழ நேரமும் வேண்டும் என்று பவுலீன் தீர்மானித்தார்.

அந்த எண்ணத்துடன் 1845இல், லியோனுக்குத் தெற்கே வெகுதூரத்தில், அப்ட் நகருக்கு அண்மையிலுள்ள ருஸ்திரெல் என்ற ஊரில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றை அவர் வாங்கினார். அதற்கு வானதூதர்களின் மாதா என்று பெயர். தொழிலாளருக்கு வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், சிற்றாலயம், ஞாயிறு ஓய்வு ஆகிய யாவும் அங்கே அமையவேண்டும். அந்த ஆலை மற்ற முதலாளிமாருக்கு முன்மாதிரியாக வேண்டும். தம் சொத்தை அதிலே போட்டார். அவர் பெயரை நம்பிப் பலரும் பணம் கொடுத்தார்கள். சிறுகச் சிறுகச் சேமித்த எளியவர்களும் அவர்களுள் இருந்தார்கள்.

இங்கேதான் இடி விழுந்தது. ஆலையை நடத்த அவர் நம்பி ஏற்படுத்தியவர்கள் பணத்தைத் தங்கள் சொந்தத் தேவைகளுக்குத் திருப்பிக்கொண்டார்கள். அம்மையார் நோயாளி, ஆலையோ தூரத்தில். கிழமைதோறும் காசை எண்ணிப் பார்க்கும் பத்துப்பேர் அங்கே இல்லை. உண்மை வெளிப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. சில ஆண்டுகளுக்குள் முயற்சி வங்குரோத்தில் முடிந்து, ஆலையும் கைமாறிப்போயிற்று.

அவரும் ஏமாற்றப்பட்டவரே. நான் என்ன செய்வேன் என்று கைவிரித்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. என் பெயரை நம்பிக் கொடுத்த பணம் என் கடனே என்று முழுவதையும் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். பூர்வியேர் குன்றில் லொரேத் என்னும் தன் வீட்டுக் காணியூடாகத் திருத்தலத்துக்கு ஏறும் பாதை ஒன்றைத் திறந்து, நடந்துபோவோரிடம் சிறுகாசு வாங்கிக் கடனுக்குக் கட்டினார். நகர்நகராக அலைந்து உதவி கேட்டார். தான் வித்திட்ட சங்கத்திடமும் கேட்டார், அது கைகொடுக்கவில்லை. 1853இல் பணக்கார வர்த்தகரின் மகள் லியோன் நகரத்து வறியோர் பதிவில் தன் பெயரைப் பதியவேண்டியதாயிற்று. ஆர்ஸ் பங்குக் குருவான புனித யோவான் மரிய வியான்னி அவரை நன்கு அறிந்தவர். அவருடைய சிலுவையின் பாரத்தையும் அறிந்தவர்.

1862ஆம் ஆண்டு சனவரி 9ஆம் திகதி, கடன் முற்றாகத் தீராத நிலையிலேயே, ஏழையாக அவர் கண்மூடினார். அவர் தொடக்கிய சங்கத்தை 1922ஆம் ஆண்டு மே 3ஆம் திகதி பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் பாப்பிறைச் சங்கமாக உயர்த்தினார். 1963இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. 2022ஆம் ஆண்டு மே 22ஆம் திகதி லியோன் நகரில் அவர் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். ஆலை நட்டத்தில் முடிந்தமை அதற்குத் தடையாகவில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, பங்குகளிலும் மாதர் சங்கங்களிலும் சிக்கனக் கடனுதவிச் சங்கங்களிலும் கணக்குப் புத்தகம் இன்று பெரும்பாலும் பெண்களின் கையிலேதான் இருக்கிறது. அவர்களுக்குப் பவுலீன் அம்மையார் இரு பாடங்களை விட்டுச் சென்றிருக்கிறார். நல்ல நோக்கம் கணக்குக்குப் பதிலாகாது. பத்துப்பேர் பார்க்கும்படி எண்ணப்பட்ட செம்புக்காசு உலகம் முழுவதும் சென்றது, எவரும் எண்ணாத பெரும்பணமோ உலையில் கரைந்தது. மற்றது, நம்பிக் கொடுத்தவரின் காசு தவறிப்போனால் முகத்தை மறைத்துக்கொண்டு போகாமல் நின்று பதில் சொல்லவேண்டும். மறைபரப்பு ஞாயிறன்று காணிக்கைப் பெட்டியில் ஒரு நாணயத்தை இடும்போது, கிழமைக்கு ஒரு சூ கொடுத்த அந்த ஆலைப் பெண்களையும், அவர்கள் காசைப் பொறுப்புடன் எண்ணிய அம்மையாரையும் நினைத்துக்கொள்வோம்.