கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கடல்

அக்ரிலிக் பலகைகளையும் பசையையும் வாங்கி வந்து, வீட்டிலேயே மீன் தொட்டி செய்பவர்கள் இன்று பலர். ஆனால், கடலுயிர்களை உயிரோடு வைத்துப் பார்ப்பதற்கான தொட்டியே இல்லாத காலமும் இருந்தது. அக்காலத்தில் அறிஞர்கள் கடலுயிர்களைப் பெரும்பாலும் இறந்த பிறகே ஆராய்ந்தனர். 1832ஆம் ஆண்டில் அந்த நிலையை மாற்றியவர், தையல் வேலை செய்துவந்த ஒரு பெண்மணி.

அவர் பெயர் ழான் வில்புரோ பவர். 1794ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் ஜுயாக் என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். பதினெட்டு வயதில் வேலை தேடிப் பாரிசு நகருக்குப் புறப்பட்டார். 400 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தை நடந்தே கடந்தார் என்பர். அங்கு உடை தைக்கும் கடையொன்றில் சேர்ந்தார். 1816இல் ஓர் இளவரசியின் திருமண உடைக்கு அவர் செய்த பூவேலைப்பாடு பெரும் புகழைத் தேடித் தந்தது. பின்னர் ஜேம்ஸ் பவர் என்ற வணிகரை மணந்து, சிசிலித் தீவிலுள்ள மெசினா நகரில் குடியேறினார்.

அங்குதான் கடல் அவரை ஈர்த்தது. ஆர்கோனாட் என்பது ஆக்டோபஸ் இனத்தைச் சேர்ந்த ஓர் உயிர். அதற்குக் காகிதம் போன்ற மெல்லிய வெண்ணிற ஓடு உண்டு. அந்த ஓட்டை அதுவே உருவாக்குகிறதா? அல்லது, காலிச் சங்கில் குடிபுகும் துறவி நண்டைப்போல, வேறோர் உயிரின் ஓட்டைப் பிடித்துக்கொள்கிறதா? இக்கேள்வி அறிஞர்களை நெடுங்காலம் பிரித்து வைத்திருந்தது. இறந்த ஆர்கோனாட்டை எத்தனை முறை பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது.

ஆகவே, ழான் தாமே தொட்டிகளை வடிவமைத்தார். ஒன்று, வீட்டுக்குள் வைக்கும் கண்ணாடித் தொட்டி. மற்றொன்று, கூண்டு சூழ்ந்த கண்ணாடித் தொட்டி. அதை ஆழமற்ற கடல்நீரில் இறக்கிவைக்கலாம். மூன்றாவது, ஆழத்தில் நங்கூரமிட்டு நிறுத்தும் கூண்டு. ஆர்கோனாட் முட்டைகள் பொரிந்தபோது குஞ்சுகளுக்கு ஓடே இல்லை. வளர வளரத்தான் ஓடு உருவாயிற்று. பிறகு அவர் வளர்ந்த ஆர்கோனாட்டின் ஓட்டைச் சற்று உடைத்துப் பார்த்தார். அது தன் அகன்ற இரு கைகளால் உடைந்த இடத்தை அடைத்துவிட்டது! அரிஸ்டாட்டில் காலம் முதல் பலர் அக்கைகளைக் காற்றில் விரிக்கும் பாய் என்றே நம்பி வந்தனர். உண்மையில், ஓட்டைக் கட்டும் கருவியே அவைதாம்.

கத்தானியா நகரின் ஜியோனியா கழகம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றது. எனினும், சோதனை ஒன்று காத்திருந்தது. 1838இல் அவர் சேகரித்த பொருள்களையும் வரைபடங்களையும் ஏற்றிச் சென்ற கப்பல் கடலில் மூழ்கியது. பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் அழிந்தது. அதற்குப் பிறகும் அவர் எழுதுவதை விடவில்லை. ஆனால், முன்போல் ஆய்வுகள் செய்யவில்லை.

1858இல் ரிச்சர்ட் ஓவன் என்னும் ஆங்கிலேய உயிரியலாளர், மீன் தொட்டியை ஆய்வுக்குப் பயன்படுத்திய முன்னோடி ழான் என்று பதிவு செய்தார். 1871இல், தாம் பிறந்த ஜுயாக் ஊரிலேயே அவர் மறைந்தார். வெள்ளிக் கோளிலுள்ள பள்ளம் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.