196 ஆட்டங்களில் நாட்டின் வலையைக் காத்த 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம்

மலேசியக் காற்பந்தின் பொற்காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசத் தொடங்கினால் மூன்று பெயர்கள் தவறாமல் வந்துவிடும். கோல் புகுத்துவதற்கு மொக்தார் டஹாரி. தற்காப்புக்குச் சோ சின் ஆன். கோல்கம்பத்தைக் காக்க ஆர். ஆறுமுகம். இந்த மூவர் விளையாடிய காலத்தில் தென் கொரியாவும் ஜப்பானும் மெர்டேக்கா அரங்கத்துக்கு வரும்போது வெற்றி உறுதி என்ற நினைப்போடு வந்ததில்லை.

மூவரில் கோல்காவலரின் நிலைமைதான் சற்றுக் கடினமானது. மொக்தார் புகுத்திய கோல்கள் எண்ணிக்கையாகப் பதிவாகியுள்ளன. ஆறுமுகம் தடுத்த கோல்களுக்குக் கணக்கு கிடையாது. வலைக்குள் போகாத பந்தை யாரும் எழுதி வைப்பதில்லை. அவரை நேரில் பார்த்த தலைமுறை குறைந்து வரும் இந்தக் காலத்தில், அந்த வாழ்க்கையை ஒரு முறை திரும்பிப் பார்ப்பது நம் சமூகத்தின் கடமை.

துறைமுக ஊரின் பிள்ளை

ஆறுமுகம் 1953ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி கிள்ளான் துறைமுகத்தில் பிறந்தார். அப்போது அந்த ஊரின் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். 1972இல்தான் போர்ட் கிள்ளான் என்று மாறியது. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கியவர்கள், ரயில்வேயில் வேலை செய்தவர்கள், சுற்றியிருந்த தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள் எனத் தமிழர்கள் நிறைந்திருந்த வட்டாரம் அது.

அந்தக் காலத்துத் துறைமுகக் குடியிருப்பிலும் தோட்டத்திலும் பிள்ளைகளுக்குக் காற்பந்தைவிட மலிவான விளையாட்டு வேறில்லை. ஒரு பந்து இருந்தால் இருபது பேர் விளையாடலாம். மாலையில் திடலில் ஆள் சேர்ந்துவிடும். தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு குழு இருந்த காலம் அது. கோயில் திருவிழாவை ஒட்டியும் பொது விடுமுறைகளிலும் கிண்ணப் போட்டிகள் நடக்கும். நாட்டுக்கு விளையாடிய இந்திய ஆட்டக்காரர்கள் பலரை உருவாக்கியவை இத்தகைய திடல்கள்தான்.

பொதுவாகத் திடலில் கோல்கம்பத்துக்குப் போகச் சொன்னால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். எல்லோருக்கும் கோல் அடிக்கத்தான் ஆசை. ஆறுமுகம் பெயர் எடுத்ததோ அந்த இடத்தில்தான். அவருக்கு இயற்கை கொடுத்த வரம் நீண்ட கைகள். மூலைக்குப் போகும் பந்தையும் எட்டிப் பிடிக்கும் அந்தக் கைகளைப் பார்த்த ரசிகர்கள் அவருக்கு 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வைத்தார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லோரும் அவரை அந்தப் பெயரில்தான் அழைத்தார்கள்.

கோல்காவலருக்குக் கடினமான காலம்

இன்று ஒவ்வொரு குழுவிலும் கோல்காவலருக்கென்று தனிப் பயிற்றுநர் இருக்கிறார். எதிரணி ஆட்டக்காரர் பினால்டியை எந்தப் பக்கம் அடிப்பார் என்பதைக் காணொளி போட்டுக் காட்டுகிறார்கள். பந்து ஒட்டிக்கொள்ளும் கையுறைகளும் உண்டு. 1970களில் நம் நாட்டுக் கோல்காவலர்களுக்கு இவையெல்லாம் வாய்க்கவில்லை.

மாலை மழை கொட்டினால் திடல் சேறாகும். தோல் பந்து நனைந்து கனக்கும், கையில் வழுக்கும். அந்தப் பந்தோடு, கூட்டமாகப் பாய்ந்து வரும் தாக்குதல் ஆட்டக்காரர்களின் கால்களுக்கு நடுவே விழுந்து பிடிக்க வேண்டும். தடுப்பதற்குத் தைரியமும் வேண்டும், எப்போது கோட்டைவிட்டு வெளியே வருவது என்ற கணிப்பும் வேண்டும். ஆறுமுகத்திடம் இரண்டும் இருந்தன. அவருக்கு முன்னால் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் தற்காப்பு அரணாக நின்றார்கள். ஒரு சீனர், ஒரு பஞ்சாபியர், அவர்களுக்குப் பின்னால் ஒரு தமிழர். அந்த வரிசை பல ஆண்டுகள் கூடி விளையாடியதால், பந்து எங்கே வரும், யார் எங்கே போவார் என்பது அவர்களுக்குள் பழகிப்போயிருந்தது.

சிலாங்கூரின் காவலர்

மாநில அளவில் ஆறுமுகம் சிலாங்கூருக்கு விளையாடினார். சிவப்பும் மஞ்சளும் அணிந்த அந்தக் குழுதான் அப்போது மலேசியக் கிண்ணத்தின் முடிசூடா மன்னன். 1975, 1976, 1978, 1979, 1981, 1982 என்று கிண்ணம் மீண்டும் மீண்டும் சிலாங்கூருக்கே வந்தது. மொக்தார், சந்தோக் சிங், ஆறுமுகம் மூவருமே சிலாங்கூர்க்காரர்கள். மாநிலக் குழுவின் முதுகெலும்பே தேசியக் குழுவின் முதுகெலும்பாகவும் இருந்தது.

அந்த ஆண்டுகளில் சிலாங்கூருக்கு ஈடு கொடுத்த குழு சிங்கப்பூர். இரண்டு குழுக்களும் மோதினால் ஜொகூர் பாலத்தின் இரு பக்கமும் வேலை ஓடாது. கல்லாங் தேசிய அரங்கத்தின் இரைச்சல் ஒரு பக்கம், மெர்டேக்கா அரங்கத்தின் ஆரவாரம் மறு பக்கம். அந்தக் காலச் சிங்கப்பூர்க் குழுவில் எஸ். ராஜகோபால் இருந்தார். வளைந்து செல்லும் அவரது உதை ரசிகர்களிடையே பிரபலம். கோல் அடிக்க வரும் பக்கத்திலும் தமிழர், தடுக்க நிற்கும் பக்கத்திலும் தமிழர் என்பது நம் மக்களுக்குத் தனிப் பெருமையாக இருந்தது.

எல்லா ஆண்டும் சிலாங்கூருக்குச் சாதகமாக முடியவில்லை. 1980 இறுதியாட்டத்தில் 2-1 என்று சிங்கப்பூர் வென்றது. தோல்வியைச் சுமப்பதும் கோல்காவலரின் வேலைதான். அடுத்த ஆண்டே கிண்ணம் சிலாங்கூருக்குத் திரும்பியது.

தெஹ்ரானிலிருந்து ஜகார்த்தா வரை

1973இல் ஆறுமுகம் தேசியக் குழுவில் இடம்பிடித்தார். அப்போது அவருக்கு இருபது வயது. அதற்கு முந்தைய ஆண்டுதான் மலேசியா மியூனிக் ஒலிம்பிக்கில் விளையாடித் திரும்பியிருந்தது. எதிர்பார்ப்பு அதிகமாக இருந்த நேரம்.

1974இல் தெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா வெண்கலம் வென்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் வட கொரியாவை 2-1 என்று தோற்கடித்தது. அந்தப் பதக்கக் குழுவில் ஆறுமுகமும் ஒருவர். ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதற்குப் பிறகு மலேசியக் காற்பந்துக் குழு பதக்கம் பெற்றதே இல்லை.

1977இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் தாய்லாந்தை 2-0 என்று வீழ்த்தித் தங்கம் கிடைத்தது. 1979இல் ஜகார்த்தாவில் மீண்டும் தங்கம். இம்முறை இறுதியாட்டத்தில் எதிரணி இந்தோனேசியா. செனாயான் அரங்கம் முழுக்க எதிரணி ரசிகர்கள். 1-0 என்று மலேசியா வென்றது. இரண்டு தங்கக் குழுக்களிலும் ஆறுமுகம் இருந்தார். இரண்டு இறுதியாட்டங்களிலும் மலேசியாவின் வலைக்குள் ஒரு பந்துகூடப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மொக்தார் ஒரு கோல் அடித்தால் போதும், அதை வைத்தே வென்றுவிடலாம் என்ற நம்பிக்கை குழுவுக்கு இருந்ததற்குக் காரணம் பின்னால் இருந்த காவல்தான்.

போக முடியாத மாஸ்கோ

ஆறுமுகத்தின் வாழ்க்கையில் மிகப் பெரிய வெற்றியும் மிகப் பெரிய ஏமாற்றமும் ஒரே ஆண்டில் வந்தன.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்று கோலாலம்பூரில் நடந்தது. தென் கொரியா, ஜப்பான், இந்தோனேசியா, புருணை, பிலிப்பைன்ஸ் ஆகியவை வந்திருந்தன. முதற்கட்டத்தில் மலேசியா தென் கொரியாவை 3-0 என்று வென்றது. ஆனால் முதல் இரண்டு இடங்களைப் பிடித்த குழுக்கள் மறுபடியும் மோத வேண்டும். எனவே ஏப்ரல் 6ஆம் தேதி மெர்டேக்கா அரங்கத்தில் மீண்டும் தென் கொரியா.

அன்று அரங்கத்தில் இடம் கிடைக்காதவர்கள் வானொலியைச் சுற்றியும் தொலைக்காட்சி இருந்த வீடுகளிலும் கூடினார்கள். ஆட்டம் 1-1 என்று இழுபறியாக இருந்தபோது, சபாவைச் சேர்ந்த ஹசான் சானி கொடுத்த பந்தை, அதே மாநிலத்தவரான ஜேம்ஸ் வோங் வலைக்குள் சேர்த்தார். 2-1. மலேசியா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது.

ஆனால் குழு மாஸ்கோவுக்குப் போகவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்கா தலைமையில் பல நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அந்தப் பக்கம் நின்றது. மலேசியாவின் இடத்தில் ஈராக் சென்று காலிறுதி வரை விளையாடியது.

புறக்கணிப்புக்கான நியாயம் எதுவாக இருந்தாலும் அதன் விலையைக் கொடுத்தவர்கள் ஆட்டக்காரர்கள். ஆறுமுகத்துக்கு அப்போது 27 வயது. ஒரு கோல்காவலர் உச்சத்தை நெருங்கும் வயது. நான்கு ஆண்டு கழித்து 1984இல் மலேசியாவுக்குத் தகுதி கிட்டவில்லை. அவருக்கு ஒலிம்பிக் திடலில் கால் வைக்கும் வாய்ப்பு திரும்ப வரவே இல்லை. அவருக்கு மட்டுமா? 1980க்குப் பிறகு இன்றுவரை மலேசியக் காற்பந்துக் குழு ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை.

சம்பளத்துக்கு ஆடாத தலைமுறை

இன்றைய இளைஞர்களுக்கு ஒரு செய்தி வியப்பாக இருக்கும். நாட்டுக்கு இத்தனை பெருமை சேர்த்த இந்த ஆட்டக்காரர்கள் யாரும் காற்பந்தைத் தொழிலாகச் செய்தவர்கள் அல்லர். அக்கால ஆட்டக்காரர்கள் வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ நிறுவனத்திலோ வேலை பார்த்தார்கள். வேலை முடிந்து பயிற்சி. வெளிநாட்டுப் போட்டி என்றால் விடுப்பு. அலவன்ஸ் என்று கிடைத்த தொகையை இன்றைய சம்பளத்தோடு ஒப்பிடவே முடியாது.

அந்த நிலையில்தான் ஆறுமுகம் 1973 முதல் 1986 வரை நாட்டுக்கு விளையாடினார். தேசியக் குழுவின் ஒலிம்பிக் தகுதி ஆட்டங்களையும் நட்புமுறை ஆட்டங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் மொத்தம் 196 ஆட்டங்கள் என்கிறது பதிவு. சராசரியாக ஆண்டுக்குப் பதினைந்து. இதற்கு மேல் சிலாங்கூருக்காக ஆடியவை தனி. உலக அளவிலேயே ஒரு கோல்காவலருக்கு இது மிகப் பெரிய எண்ணிக்கை. வேறெந்த மலேசியக் கோல்காவலரும் இன்றுவரை அதை நெருங்கவில்லை.

ஒரு தவறு செய்தால் அடுத்த ஆட்டத்தில் உட்கார வைக்கப்படுகிற இடம் கோல்கம்பம். பதினோரு பேரில் ஒருவருக்கு மட்டுமே அங்கே இடம். அந்த இடத்தை 13 ஆண்டுகள் தக்கவைத்துக்கொண்டார் என்றால் அது அதிர்ஷ்டத்தால் வந்ததில்லை.

டிசம்பர் 18, 1988

தேசியக் குழுவிலிருந்து விலகி இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1988 டிசம்பர் 18ஆம் தேதி சாலை விபத்தில் ஆறுமுகம் உயிரிழந்தார். அவருக்கு வயது 35. பயிற்றுநராகவோ வழிகாட்டியாகவோ நாட்டுக்கு இன்னும் எவ்வளவோ செய்திருக்கக்கூடிய வயது. நாடே அதிர்ந்தது. திடலில் பாய்ந்து விழுந்து எழுந்தே பழகிய மனிதர், சாலையில் விழுந்து எழாமல் போனதை ரசிகர்களால் நம்ப முடியவில்லை.

அவர் மறைந்த மறு ஆண்டு, 1989இல், மலேசியாவில் அரைத் தொழில்முறை லீக் தொடங்கியது. காற்பந்து ஆடிப் பிழைக்கலாம் என்ற நிலை மெல்ல உருவானது. அந்தக் கதவு திறப்பதைப் பார்க்க ஆறுமுகம் இல்லை. 1991இல் மொக்தாரும் 37 வயதில் நோயால் காலமானார். ஒரே ஆண்டில் பிறந்து, ஒரே மாநிலத்துக்கும் ஒரே நாட்டுக்கும் ஆடிய இருவரும் நாற்பதைத் தொடாமலே போய்விட்டார்கள்.

2016இல் இயக்குநர் சியு கெங் குவானின் 'ஓலா போலா' திரைப்படம் வெளிவந்தபோது 1980ஆம் ஆண்டுக் குழு மறுபடியும் பேசப்பட்டது. கற்பனைப் பாத்திரங்களைக் கொண்ட அந்தப் படத்தில் கோல்காவலராக வரும் முத்து ஒரு தமிழ் இளைஞர். அவரைத் திரையில் பார்த்த மூத்தவர்களுக்கு ஆறுமுகத்தின் நினைவு வந்தது. படம் பார்த்துவிட்டு வந்த பேரப்பிள்ளைகளிடம் அந்த நீண்ட கைகளைப் பற்றிச் சொன்ன தாத்தாக்கள் எத்தனையோ பேர்.

தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. திடல்கள் சுருங்கிவிட்டன. தேசியக் குழுவில் இந்தியப் பெயர்களைத் தேட வேண்டியிருக்கிறது என்ற ஏக்கம் நம் சமூகத்தில் அடிக்கடி ஒலிக்கிறது. அந்த ஏக்கத்தோடு நின்றுவிடாமல், மாலையில் பந்தோடு திடலுக்குப் போகும் பிள்ளையைப் பெற்றோரும் பள்ளியும் உற்சாகப்படுத்தினால் நல்லது. நாட்டின் முதல் நிலைக் கோல்காவலராகத் துறைமுக ஊரின் தமிழ்ப் பையன் ஒருவர் பல ஆண்டுகள் இருந்திருக்கிறார். அவர் பெயர் ஆறுமுகம் என்பது அந்தப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.