கடலை எண்ணெயும் கடலில் மறைந்த மேதையும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

டீசல் என்பது ஓர் எண்ணெயின் பெயர் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். கோடம்பாக்கத்தில் படப்பிடிப்பு ஜெனரேட்டர் இயக்குபவரின் மகனான நானும் கல்லூரியில் சேரும்வரை அப்படித்தான் எண்ணியிருந்தேன். அது ஒரு மனிதரின் பெயர் என்றறிந்தபின் அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

ருடால்ப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸ் நகரில் ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தார். 1870-இல் போர் மூண்டதால் குடும்பம் லண்டனுக்கு ஓடியது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகர உறவினரிடம் அனுப்பப்பட்டான். பின்னர் உதவித்தொகை பெற்று மியூனிக்கில் பொறியியல் பயின்றார். நீராவி இயந்திரம் நிலக்கரியின் வெப்பத்தில் பெரும்பகுதியை வீணாக்குகிறது என்று பேராசிரியர் லிண்டேயிடம் கற்ற பாடம் அவர் மனத்தில் தைத்தது. சிறு பட்டறைக்காரரும் வைத்துக்கொள்ளக்கூடிய சிக்கனமான இயந்திரம் வேண்டும் என்பதே அவரது கனவு.

1893-இல் முதல் சோதனையில் கருவி வெடித்தது, உயிர் தப்பினார். 1897-இல் வெப்பத்தில் 26 விழுக்காட்டை வேலையாக மாற்றி வெற்றி கண்டார்.

1900-ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் அவர் முறைப்படி அமைந்த சிறிய இயந்திரமொன்று கடலை எண்ணெயில் ஓடியது. 1893-லேயே ஓடியது என்று எழுதுவோர் உண்டு, அது பிழை. நிலக்கடலை விளையும் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளை எண்ணிப் பிரெஞ்சு அரசு விரும்பிய சோதனை அது. ஆயினும் பெட்ரோலிய எண்ணெய் மலிவாகக் கிடைத்ததால் உலகம் அதை மறந்தது. 1937-இல் பெல்ஜியத்தின் சாவான், தாவர எண்ணெயை ஆல்கஹாலுடன் வினைபுரியச் செய்து இளக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய பயோடீசல் அவ்வழி வந்ததே.

நண்பர்களே, இங்கே ஒரு வீட்டுக் கணக்கு. என் தாயார் வடைக்கடை நடத்துகிறார். வாரம் ஐந்து லிட்டர் பொரித்த எண்ணெய் மிஞ்சும். நூறு லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ இருபது லிட்டர் மெத்தனாலும் சிறிது காரமும் சேர்த்தால், ஏறத்தாழ நூறு லிட்டர் எரிபொருளும் கிளிசரினும் கிடைக்கும். செலவில் முக்கால் பங்கு எண்ணெய்க்கே போவதால், டீசலைவிட விலை கூடிய புதுக் கடலை எண்ணெய் கட்டுப்படியாகாது. பழைய எண்ணெய் மலிவுதான். ஆனால் அதில் கொழுப்பு அமிலம் மிகுந்தால் காரம் சோப்பாகிவிடும். மெத்தனாலோ நஞ்சு, உரிமமின்றி வைத்திருக்கலாகாது. ஆக, ஐந்து லிட்டரை நம்பி எங்கள் வீட்டில் உலை வைக்க முடியாது. தெருத்தெருவாகத் திரட்டினால்தான் கணக்கு நேராகும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தொடங்கிய எண்ணெய் திரட்டும் திட்டத்தின் நியாயமும் இதுவே.

வெப்பக் கணக்கில் வென்ற டீசல் பணக் கணக்கில் தோற்றார். கடன் சூழ்ந்த நிலையில், 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்து செல்லும் கப்பலிலிருந்து காணாமற்போனார். சில நாட்களுக்குப் பின் அவர் உடல் கடலில் காணப்பட்டது.

அவர் கனவு கண்ட சிறு தொழிலாளரில் என் தாயாரும் ஒருவர். என் குடும்பத்தில் முதலில் கல்லூரிப் படியேறிய நான், வாணலியில் எஞ்சும் எண்ணெய்க்கும் அவருக்கு ஒரு விலை கிடைக்கும் வழியைக் கண்டால், அதுவே அம்மேதைக்கு நான் செலுத்தும் அஞ்சலி.