ஹாட் டாக்கில் மஞ்சள் வளையம்: பெயரில்லாத சாசேஜுக்குத் தன் பெயரைக் கொடுத்த ஆஸ்கர் மேயர்

அமெரிக்காவில் கோடை வந்துட்டா வார இறுதியில் வீட்டுக் கொல்லையில் கிரில் அடுப்பு எரியும். அதில் வாட்டுவதற்கு ஹாட் டாக் வாங்க சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால், குளிர்பெட்டியில் வரிசையா பாக்கெட்டுகள். வெளியே பார்த்தால் எல்லாமே ஒரே மாதிரி இளஞ்சிவப்பு சாசேஜ். உள்ளே மாட்டிறைச்சியா, பன்றியா, கோழியா? கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. (பெயரில்தான் நாய். இறைச்சியில் இல்லை.)

பாக்கெட்டும் இல்லாத காலத்தில் இந்தச் சிக்கலை வைத்தே தொழிலை வளர்த்தவர் ஆஸ்கர் மேயர்.

யார் இவர்?

1859-ல் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில், கோஸிங்கன் என்ற சின்ன ஊரில் பிறந்தார். 14 வயதில், 1873-ல் உறவினரோடு கப்பலேறி அமெரிக்கா வந்தார். முதலில் டெட்ராய்ட். அங்கே கறிக்கடையில் எடுபிடிப் பையன். பிறகு சிகாகோ. அங்கே ஆர்மர் நிறுவனத்தின் கீழ், புகழ்பெற்ற ஸ்டாக்யார்டு எனப்படும் கால்நடைச் சந்தை மற்றும் இறைச்சிக்கூட வளாகத்தில் சுமார் ஆறு வருடம் வேலை. இறைச்சி எப்படி வெட்டப்படுது, மிச்சம் மீதி எங்கே போகுதுன்னு அவர் பக்கத்தில் இருந்து பார்த்த காலம் அது.

அண்ணன் தம்பிகளில் ஒருவரான காட்ஃபிரிட், ஜெர்மனியின் நூரம்பெர்க்கில் சாசேஜ் செய்யும் கலையைக் கற்றவர். 1883-ல் இருவரும் சேர்ந்து சிகாகோவின் வடபகுதியில் ஒரு கறிக்கடையைக் குத்தகைக்கு எடுத்தார்கள். கணக்கு வழக்கைப் பார்க்க மேக்ஸ் என்ற மூன்றாவது சகோதரரும் வந்து சேர்ந்தார். சுற்றி இருந்தது ஜெர்மன் குடியேறிகள் நிறைந்த பகுதி. ஊரில் சாப்பிட்ட அதே ருசி கிடைத்ததும் கூட்டம் வந்தது.

வியாபாரம் சூடுபிடித்த நேரத்தில் கடையே கையை விட்டுப் போனது. 1888-ல் குத்தகையைப் புதுப்பிக்க உரிமையாளர் மறுத்துட்டார். சகோதரர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. 10,000 டாலர் கடன் வாங்கி, அதே வட்டாரத்தில் சொந்தமாக இரண்டு மாடிக் கடை கட்டினார்கள். அந்தக் காலத்தில் அது ரொம்பப் பெரிய தொகை. வாடிக்கையாளர்கள் கூடவே வந்தார்கள். 1900-ல் கடையில் 43 பேர் வேலை செய்தார்கள், சிகாகோ முழுக்க டெலிவரி நடந்தது.

1904-ல் தன் பேக்கனுக்கும் சாசேஜுக்கும் மேயர் பிராண்ட் பெயர் வைத்தார். இன்றைக்கு இது சாதாரண விஷயமாகத் தோணும். அன்று கறி என்பது கடைக்காரர் வெட்டித் தருவது, பெயரே கிடையாது. பெயரைப் போட்டால் கெட்டுப்போன ஒரே ஒரு துண்டுக்கும் நீங்கள்தான் பதில் சொல்லணும்.

இரண்டே வருடத்தில் அந்தச் சோதனை வந்தது. 1906-ல் அப்டன் சின்க்ளேரின் 'தி ஜங்கிள்' நாவல் வெளியாகி, சிகாகோ இறைச்சிக்கூடங்களின் அசிங்கத்தை உலகத்துக்கே காட்டியது. களம், மேயர் இளைஞராக உழைத்த அதே ஸ்டாக்யார்டு. மக்கள் சாசேஜைத் தொடவே யோசித்தார்கள். அதே வருடம் மத்திய அரசின் இறைச்சி ஆய்வுச் சட்டம் வந்தது. அந்த ஆய்வுக்குத் தாமாக முன்வந்து சேர்ந்த முதல் சில நிறுவனங்களில் மேயருடையதும் ஒன்று. நேர்மையா, வியாபார சாமர்த்தியமா? இரண்டும்தான். ஊரே சந்தேகப்படும் நேரத்தில் அரசு முத்திரையை விட நல்ல விளம்பரம் வேற இல்லை.

மஞ்சள் வளையம் எதற்கு?

1919-ல், மகன் ஆஸ்கர் ஜி. மேயரின் முயற்சியில், விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனில் ஒரு தொழிற்சாலையை வாங்கினார்கள். 1924-ல் துண்டு போட்ட பேக்கனை பாக்கெட்டில் விற்க ஆரம்பித்தார்கள். ஆனால் ஹாட் டாக் அப்பவும் கடையில் சரமாகத்தான் தொங்கும். வேண்டிய அளவுக்குக் கடைக்காரர் அறுத்துத் தருவார். யார் செய்த சரம் என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்?

1929-ல் நிறுவனம் ஒரு எளிய வழி கண்டுபிடித்தது. நான்கு சாசேஜுக்கு ஒன்று வீதம் மஞ்சள் காகித வளையம் சுற்றினார்கள். அதில் நிறுவனத்தின் பெயர், கூடவே அரசு ஆய்வு முத்திரை. நாலு வாங்கினால் ஒன்றிலாவது பெயர் இருக்கும். பொருளாதார மந்தநிலை தொடங்கிய அந்த வருடத்திலும், மலிவான பெயரில்லாச் சரத்துக்குப் பக்கத்தில் இது தனியாகத் தெரிந்தது. 1936-ல் அண்ணன் தம்பி மகனான கார்ல் மேயரின் யோசனையில், ஹாட் டாக் வடிவிலேயே 13 அடி நீள 'வீனர்மொபைல்' வண்டி ரோட்டில் இறங்கியது. அதெல்லாம் சுவாரஸ்யம்தான், ஆனாலும் பெரிய கண்டுபிடிப்பு அந்தக் காகித வளையம்தான்.

1955-ல் 95 வயதில் மேயர் காலமானார். 1981-ல் குடும்பம் நிறுவனத்தை ஜெனரல் ஃபுட்ஸுக்கு விற்றது. இப்போது அந்தப் பெயர் கிராஃப்ட் ஹெய்ன்ஸிடம் இருக்கிறது.

இன்று பாக்கெட் வாங்கினால்?

முன்பக்கப் பெயரைப் பார்த்துட்டு நிறுத்திடக் கூடாது. அமெரிக்க விதிப்படி ஹாட் டாக்கில் கொழுப்பு 30 சதவீதம் வரை இருக்கலாம். எந்த இறைச்சி என்பதும், இயந்திரத்தால் எலும்பிலிருந்து பிரித்தெடுத்த கோழியா என்பதும் பின்பக்கத்தில் அச்சாகி இருக்கணும். கிரில்லுக்கு இன்னொன்றும் பார்க்கணும்: இயற்கைக் குடல் உறை இருந்தால் கடிக்கும்போது 'டப்'னு உடையும், ஆனால் அதிகச் சூட்டில் வெடிச்சிடும். மிதமான தணலில் உருட்டி உருட்டி வாட்டினால் போதும். ஏற்கெனவே வெந்ததுதான் என்றாலும் ஆவி பறக்கச் சூடாக்கியே சாப்பிடணும், குறிப்பா கர்ப்பிணிகளும் வயதானவர்களும்.

ஆஸ்கர் மேயர் என்ற ஒரே பெயரில் இன்று இரண்டு பாக்கெட் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று தனி மாட்டிறைச்சி. 'கிளாசிக் வீனர்ஸ்' என்று போட்டது கோழி, வான்கோழி, பன்றி கலந்தது.